இருபத்து மூன்றாம் எண் மயில்

நேற்று மாலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டேன். பள்ளியில் ஆசிரியர்களுக்கெல்லாம் புதிதாக அடையாள அட்டை தருகிறார்களாம், இரண்டு படம் வேண்டும். ஸ்டூடியோக்காரப் பெண் ஒரே தாளில் எட்டுப் படம் எடுத்து, கத்தரியால் பிரித்து, சின்ன உறையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து உறையைத் திறந்ததும் புதுப் போட்டோத் தாளின் அந்தப் புளிப்பு வாசனை முகத்தில் அடித்தது. நீலத் திரைக்கு முன்னால் எட்டு முறை நான். எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ இருந்தவரை நமக்குள் கடிதம் தேவைப்பட்டதில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தட்டினால் வந்துவிடுவாய். ஃபிட்டர் வேலை கிடைத்த கணவரோடு நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து இறங்கியபோது, கடைக்காரர் கன்னடம் பேசினார், பால்காரர் தெலுங்கு பேசினார், பக்கத்து வீட்டு நீ மூன்று பாஷையையும் ஒரே வாக்கியத்தில் பேசினாய். வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருந்த வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வண்டிகளுக்குப் போகும் வயர்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தாய். நாள் முழுக்க வயர் முனைகளைப் பார்த்துப் பழகிய கண். அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து என் ரசத்தைப் பார்ப்பாய், என் சேலை மடிப்பைப் பார்ப்பாய், நான் வரைந்து வைத்திருக்கும் படங்களைப் பார்ப்பாய்.

"இது பாஸ். இது ரீவொர்க். இது ரிஜெக்ட் டீச்சர், தூக்கிப் போடு."

நான் ஓவிய ஆசிரியை. என் படத்தைப் பற்றி என்னிடமே அப்படி நேராகச் சொன்ன ஆள் நீ ஒருத்திதான். முக்கால்வாசி நேரம் நீ சொன்னது சரியாகவும் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டாயிரத்து நாலு என்று நினைக்கிறேன். பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த கலை மன்றம் ஒன்று, பாகலூர் சாலையில் கல்யாண மண்டபம் பிடித்து ஓவியக் கண்காட்சி நடத்தியது. கொலாஜ் பிரிவுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தாள், துணி, தகடு என்று கையில் கிடைத்ததை வெட்டி ஒட்டிச் செய்கிற படங்கள். கூட நடுவராக வரவேண்டிய கல்லூரி விரிவுரையாளர் கிருஷ்ணகிரியிலிருந்து வரவில்லை. மன்றத்தின் செயலாளர், சத்தமே எழுப்பாமல் பேசுகிற மனிதர், முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையெழுத்து வேணுமே மேடம்."

ஓவர்டைம் முடித்துவிட்டுக் கம்பெனிக் கோட்டோடு நேராகக் கண்காட்சி பார்க்க வந்திருந்த உன்னைக் காட்டினேன். "இவங்க கண்ணு என் கண்ணவிட நல்ல கண்ணு சார்."

அவர் உன் கோட்டைப் பார்த்தார். "சரி, ஃபேக்டரி ஆளும் ஒருத்தர் இருக்கட்டும். பேப்பர்ல போட நல்லா இருக்கும்" என்றார். நமக்குப் பேனாவும் அட்டையும் கொடுத்தார்கள். படத்துக்கு எண் மட்டும்தான் உண்டு, செய்தவர் பெயர் பின்னால் ஒட்டி மூடியிருக்கிறது, யாருடையது என்று நமக்குத் தெரியாது என்று இரண்டு முறை சொன்னார்.

பெரிய கூடத்தை ஓவியங்களுக்குக் கொடுத்துவிட்டு, கொலாஜை எல்லாம் சாப்பாட்டு ஹாலில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் அங்கே கல்யாணம் நடந்திருந்தது. சாம்பார் வாடை, ஈர இலை வாடை, அவற்றின் மேல் மைதாப் பசை புளித்த வாடை. உள்ளே நுழைந்ததும் நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாய். முதல் எண்ணே முட்டை ஓட்டில் செய்த யானை. ஓட்டைக் கழுவாமலே ஒட்டியிருந்தார்கள். உள்தோல் மஞ்சளாக உரிந்து தொங்கியது, ஈ மொய்த்தது.

"இத செஞ்சவங்க மூக்கே இல்லாதவங்களா டீச்சர்?"

பருப்பு, பயறு ஒட்டிச் செய்த இந்திய வரைபடம் ஒன்று. துவரம்பருப்பு இருந்த இடத்தில் வண்டுகள் வெளியே வந்து எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பட்டாம்பூச்சிகளைப் பிடித்து உயிரோடோ செத்த பிறகோ அப்படியே ஒட்டி வைத்த ஒரு பூந்தொட்டி. உதிர்ந்த தலைமுடியைச் சுருட்டி ஒட்டிச் செய்த ஒரு காளிதேவி. ஒரே பயிற்சி வகுப்பில் ஒரே ஆள் சொல்லிக்கொடுத்த ஒரே மாதிரிக் கிளிகள் ஆறு. பெங்களூர் வீட்டுமனை விற்பனைக்காரர்களின் பளபளப்பு விளம்பரங்களை வெட்டி ஒட்டி, மேலே 'என் கனவு இல்லம்' என்று எழுதிய வீடுகள் கணக்கில்லாமல். நீ ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று "ரிஜெக்ட்" என்று சொல்லிக்கொண்டே போனாய். நான் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாக அப்படிச் சிரித்தது அங்கேதான்.

ஹாலின் கோடியில், கைகழுவும் குழாய்களுக்கு எதிரே, இருபத்து மூன்றாம் எண் இருந்தது.

தோகை விரித்த மயில். ஆள் உயரப் பலகை. நான் பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன். கழுத்தின் நீலம், கடையில் எந்தத் தாளிலும் கிடைக்காத நீலம். ஓரிடத்தில் வெளுத்து, ஓரிடத்தில் இருண்டு, ஒரு மயிலின் கழுத்து வெயிலில் திரும்புவதுபோலவே மாறியது. தோகையில் ஒவ்வொரு கண்ணும் பழுப்பு நிற வட்டம், சுற்றி நீலம், அதைச் சுற்றிப் பச்சை ஜிகினா. வரிசை வரிசையாக நூற்றுக்கும் மேல் இருக்கும். உடம்பில் கறுப்புச் செதில்கள். அந்த அழுக்கு ஹாலில், ஈயும் வண்டும் பார்த்து வந்த கண்ணுக்கு, அது பெரிய விருந்து. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டேன். என் இருபது வருஷ வாத்தியார் வேலையில் நான் யாருக்கும் அந்த மதிப்பெண் போட்டதில்லை.

நீ எப்போதும்போலக் கிட்டப் போனாய். போனவள் அப்படியே நின்றாய்.

"டீச்சர். கிட்ட வந்து பாரு."

வந்தேன். பழுப்பு வட்டங்கள் முகங்கள். போட்டோக்கள். அப்ளிகேஷனில் ஒட்டுகிற சின்னப் போட்டோக்களிலிருந்து முகத்தை மட்டும் வட்டமாக வெட்டியிருந்தார்கள். எல்லாம் பெண்கள், பதினெட்டு இருபது வயசுப் பெண்கள். நெற்றியில் பொட்டு, நடு வகிடு, போட்டோவுக்காக இறுக்கி மூடிய வாய். அந்த நீலம் ஸ்டூடியோத் திரையின் நீலம். ஒவ்வொரு படத்திலிருந்தும் பின்னணியை மட்டும் வெட்டி எடுத்துக் கழுத்துக்கு ஒட்டியிருந்தார்கள். கறுப்புச் செதில்கள் அவர்களுடைய தலைமுடி. சின்ன இறகுகளுக்கு முழு முகம் பெரிதாக இருந்திருக்கும்போல, வாயை மட்டும், ஒரு கண்ணை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். சில முகங்களின் கன்னத்தில் ஊதா நிறத்தில் பாதி முத்திரை. சிலவற்றில் ஸ்டேப்ளர் பின் போட்ட ஓட்டை.

எனக்கு முதலில் அருவருப்பு வரவில்லை. எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு என்றுதான் தோன்றியது. அதை இப்போது உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

நீ விரலை நீட்டி, நடுத்தோகையில் ஒரு வட்டத்தைத் தொட்டாய். "இது என் ஜிமிக்கி" என்றாய். குரல் உன் குரல் மாதிரியே இல்லை. "மா அம்மாயி டீச்சர். எங்க பொண்ணு. இது ரூபா."

ரூபா உன் அக்கா மகள். எனக்கும் அவளைத் தெரியும். பிளஸ் டூ முடித்ததும் அவளைத் தொழிற்பேட்டையில் இருந்த பெரிய கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட நீதான் முன்னால் நின்றாய். நீயே அப்ளிகேஷன் எழுதினாய். கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்தாய், உன் காதிலிருந்த ஜிமிக்கியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு. வேலைக்குக் கூப்பிடும் லெட்டருக்கு ஒரு வருஷம் காத்திருந்தாள். நீ ஊருக்குப் போகும்போதெல்லாம் தோப்பு வாசலிலேயே நின்று "லெட்டர் வந்துச்சா சின்னம்மா?" என்று கேட்பாள் என்று சொல்லியிருக்கிறாய். வரவில்லை. ஆந்திராவில் குப்பம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

செயலாளர் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "அவங்களையே கேட்டுடலாமே" என்று வெளியே போய் ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எண் மட்டும்தான், யாருடையது என்று யாருக்கும் தெரியாது என்று சொன்ன அதே மனிதர். அந்த அம்மா அந்தப் பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரியின் மனைவி. பெங்களூர்க்காரர். நல்ல பட்டுச்சேலை, மலர்ந்த முகம். நாம் பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

"நோடி, பாருங்க, இந்த நீலம் இருக்கல்ல, இதுக்கே எனக்கு மூணு மாசம் ஆச்சு" என்றார். "வீட்டுக்காரர் ஆபீஸ்ல மூட்டை மூட்டையா அப்ளிகேஷன் வருது. சும்னே எரிக்கறதுதான். நான் சொன்னேன், போட்டோவை மட்டும் எனக்குக் குடுங்கன்னு. வேஸ்ட்ல இருந்து ஆர்ட்."

நீ கேட்டாய்: "இந்தப் பொண்ணுங்கள கேட்டீங்களா?"

"யாருன்னே தெரியாதே, எப்படிக் கேக்கறது? எல்லாம் ரிஜெக்ட் ஆனதும்மா."

அந்த வார்த்தை. அரைமணி நேரமாக நீ சொல்லிக்கொண்டு வந்த அதே வார்த்தை. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"இவ பேரு ரூபா" என்றாய். "எங்க அக்கா பொண்ணு."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "அட, உங்க சொந்தமா? லக்கி பொண்ணு. நல்ல இடத்துலதான் இருக்கா பாருங்க, நடுவுல, பெரிய இறகுல."

அப்போதுதான் எனக்கு அருவருப்பு வந்தது. கெட்ட எண்ணம் என்று ஒரு துளி அந்த முகத்தில் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது. எதுவும் இல்லை. நல்ல துணியில் மிச்சம் வெட்டிக் குழந்தைக்குச் சட்டை தைத்தவர் காட்டுகிற பெருமைதான் இருந்தது.

நீ செயலாளரிடம் திரும்பி, "இதுக்குப் பரிசு குடுக்கக் கூடாதுங்கோ" என்றாய். அவர் என்னைத் தனியே அழைத்தார். மண்டபத்துக்குப் பணம் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதெல்லாம் அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு எதுவும் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அது தானாகவே வந்தது. உன்னைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மார்க்கு படத்துக்குத்தான போடுறோம். எதுல செஞ்சாங்கங்கிறதுக்கு இல்லையே."

நீ என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் என்னைப் பார்த்தாய், எத்தனையோ வயர் முனைகளைப் பார்த்த பார்வை. பிறகு பலகைப் பக்கம் திரும்பி, நகத்தை விட்டு ரூபாவின் முகத்தைப் பெயர்க்க ஆரம்பித்தாய். அந்த அம்மா ஓடி வந்து உன் கையைப் பிடித்தார். செயலாளர் "அம்மா, அம்மா" என்றார். நீ யாரையும் தள்ளவில்லை, நகத்தை எடுக்கவும் இல்லை. பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. முகம் வந்தது, ஒரு காது மட்டும் ஜிமிக்கியோடு பலகையிலேயே தங்கிவிட்டது. அதைப் பெயர்க்க உனக்கு முடியவில்லை. கையில் வந்ததை மூடிக்கொண்டு வெளியே போனாய். முடிவுத் தாளில் உனக்கான இடத்தில் நீ கையெழுத்துப் போடவில்லை. நான் போட்டேன். உன் இடத்தில் செயலாளரே போட்டுக்கொண்டார்.

மாலையில் பரிசளிப்பு. ஓட்டை விழுந்த இடத்தில் அந்த அம்மா தங்க நிறத் தாள் ஒன்றை வட்டமாக வெட்டி ஒட்டி, காதையும் சேர்த்து மூடிவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது வேண்டுமென்றே வைத்ததுபோலத்தான் இருந்தது. சிறப்பு விருந்தினர் கழிவிலிருந்து கலை பிறப்பதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். நடுவர் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். 'ஒரே மூச்சில் விரிந்த தோகை' என்றேன். கைதட்டினார்கள். தட்டி முடிந்தபோது பார்த்தேன், நீ போகவில்லை. வாசல் பக்கத்தில், செருப்பு விட்டிருந்த இடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு போனாய்.

அதன் பிறகு அதே சாப்பாட்டு ஹாலில் பந்தி போட்டார்கள். முட்டை யானையை ஓரமாக நகர்த்திவிட்டு இலை விரித்தார்கள். எனக்கு எதிர் இலையில் அந்த அம்மா. "ஃபீல் பண்ணாதீங்க மேடம், படிக்காதவங்களுக்கு ஆர்ட் புரியாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என் கழுத்தின் மேலேயே ஓர் அருவருப்பு வருகிறது.

ஏழு மாதம் நாம் பேசவில்லை. நீ தண்ணீர் பிடிக்கும்போது நான் உள்ளே போவேன். நான் துணி காயப்போடும்போது நீ வரமாட்டாய். என் கணவர் ஒருநாள், "நடுச்சுவரு திடீர்னு கனமாயிருச்சு போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ குக்கரை இறக்கும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் நான் உனக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருப்பேன். உண்மையிலேயே அதுதானே நல்ல படம், வண்டு ஊரும் வரைபடத்துக்கா கொடுக்கச் சொல்கிறாய், இப்படியெல்லாம். நீ பதில் சொல்லாததால் நான் சொன்ன நியாயம் எல்லாம் எனக்கே புளித்துப் போயிற்று.

அந்த ஆண்டு வெயில் காலம் முடிகிற சமயத்தில் என் பழைய மாணவி ஒருத்தி சாலையில் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். அவளும் வேலை தேடிக்கொண்டிருந்தாள். "நீங்க பரிசு குடுத்த மயிலு கம்பெனி ரிசப்ஷன்ல மாட்டியிருக்கு டீச்சர். அதுக்குக் கீழ உக்காந்துதான் அப்ளிகேஷன் குடுத்தேன். உங்க பேருகூடப் போட்டிருக்குது" என்றாள். அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். நான் அங்கேயே சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் உடனே போகவில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். பள்ளிக்கூட வேலை, மழை, காய்ச்சல் என்று காரணம் வைத்திருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். காவலாளியிடம் பள்ளிப் பிள்ளைகளைக் கம்பெனி பார்க்கக் கூட்டி வர அனுமதி கேட்க வந்தேன் என்று பொய் சொன்னேன். உட்காரச் சொன்னார்.

நீண்ட பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், மடியில் பிளாஸ்டிக் ஃபைலோடு. கல்லாவியிலிருந்து, ஊத்தங்கரையிலிருந்து, தர்மபுரிப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். வைத்த பூ அதற்குள் வாடியிருந்தது. அவர்கள் தலைக்கு மேல், கண்ணாடி போட்டு, தனியாக விளக்கு வைத்து, அந்த மயில். கீழே பித்தளைத் தகட்டில் 'ஒரே மூச்சில் விரிந்த தோகை' என்று என் வார்த்தை, அதன் கீழே என் பெயர். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "எவ்ளோ அழகா இருக்குது பாரேன்" என்றாள்.

எனக்கு எச்சில் கசந்தது. "கிட்டப் போய்ப் பாரும்மா" என்றேன்.

அவள் எழுந்து போனாள். இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். ஒருத்தி திரும்பி, "இவங்கெல்லாம் செத்துப்போனவங்களாங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உங்களை மாதிரி இங்க அப்ளிகேஷன் குடுத்தவங்க. இவங்க போட்டோவை வெட்டி ஒட்டிப் பரிசு வாங்கிக்கிட்டாங்க. அந்தப் பரிச நான்தான் குடுத்தேன்."

பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி கண்ணாடியில் விரலை வைத்து, "ஏ, இது நம்ம ஸ்கூல் வள்ளி இல்ல?" என்றாள். கிட்டத்தட்ட அழுகிற குரல். முதலில் அழகென்று சொன்ன பெண் தன் ஃபைலைத் திறந்து, அப்ளிகேஷனில் குத்தியிருந்த பின்னை நகத்தால் நெம்பி, தன் போட்டோவை எடுத்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் எடுத்தாள். மற்றவர்கள் எடுக்கவில்லை. "போட்டோ இல்லாட்டி வாங்கிக்க மாட்டாங்கடி" என்றாள் ஒருத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காவலாளி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். கேட் வரைக்கும் கூட வந்து, "எம் பொண்ணும் போன வருசம் இங்க குடுத்துச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் மயிலைக் கழற்றிவிட்டார்கள் என்று அந்தப் பழைய மாணவி வந்து சொன்னாள். உள்ளே போன பெண்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்களாம். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

அன்று மாலை சுவரைத் தட்டினேன். நீ வருவாய் என்று நினைக்கவில்லை. வந்தாய். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்னைப் பாராட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"எத்தினி மாசம் மாட்டி இருந்தாங்கோ?" என்று கேட்டாய்.

"ஆறு மாசம் இருக்கும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமா."

எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "களி கிண்டிக்கினு இருந்தேன். கருகிடும், உள்ள வா" என்றாய்.

அதற்குப் பிறகு பழையபடி ஆனோம். கிட்டத்தட்டப் பழையபடி. நீ என் வீட்டுக்கு வந்து படங்களைப் பார்ப்பாய். "இது பாஸ். இது ரீவொர்க்" என்பாய். மூன்றாவது வார்த்தையை உன் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவே இல்லை. மோசமான படத்தின் முன்னால் நின்றால் பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுவாய். கம்பெனியில் என்ன செய்தாய் என்று தெரியாது. அங்கே நாள் முழுக்க அந்த வார்த்தையைத்தானே எழுத வேண்டும்.

மயிலைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன வருஷம் உனக்குக் காமாலை முற்றி, பதினாறு நாள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பேசவில்லை. பேசியிருக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் கண் மஞ்சளாக இருந்தது, அப்போதும் அது என் முகத்தைச் சரிபார்த்துக்கொண்டுதான் இருந்தது. சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே அதை விழுங்கிவிட்டேன்.

உன் காரியத்துக்கு வேப்பனப்பள்ளிக்குப் போயிருந்தேன். ரூபா வந்திருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. உன் கம்பெனி அடையாள அட்டை உறையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அதற்குள், உன் படத்துக்குப் பின்னால், அவளுடைய முகம் இருந்தது. வட்டமாக வெட்டியது, பின்பக்கம் மரத்தூள் ஒட்டியது, ஒரு காது இல்லாதது. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"இத மயிலுல ஒட்டி இருந்தாங்கன்னு சின்னம்மா ஒருவாட்டி சொல்லுச்சு. அதுக்கு மேல கேட்டா சொல்லாது" என்றாள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அந்த மயிலு அழகா இருந்துச்சா டீச்சர்?"

உள்ளே உன் அக்கா யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரூபா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் எதுவும் இல்லை அவளிடம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லையம்மா, அசிங்கமாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அழகாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போயிற்று. "அப்படியா" என்று சொல்லிவிட்டு, போட்டோவை மறுபடி உறைக்குள் வைத்துக்கொண்டு குழந்தையோடு உள்ளே போனாள். நான் தோப்புப் பக்கம் போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் விழுங்கியது இதுதான். நீ முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போனபின், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நான் மறுபடி பத்தடி பின்னால் போய் நின்று அந்த மயிலைப் பார்த்தேன். அது எதனால் செய்தது என்று அப்போது எனக்குத் தெரியும். ரூபா இருந்த இடம் ஓட்டையாக இருந்தது, அதன் ஓரத்தில் உன் ஜிமிக்கி தொங்கியது. அப்படி இருந்தும் அது எனக்கு அழகாகவே தெரிந்தது. இன்றும் கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. அந்த நீலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்ததும் குமட்டுகிறது, அந்த அம்மாவை நினைத்து இல்லை.